இறால் வேலைக்காரன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பவளப்பாறை மீன்களும் முதுகெலும்பில்லாத சிற்றுயிர்களும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த படக்கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கியதே பாராட்டத்தக்கது. படங்களும் கண்ணை நிறைத்தன. ஆனாலும், இராயபுரத்துப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், இப்போது குடியிருக்கும் கொளத்தூர் வீட்டின் முன்னறையில் உப்புநீர் மீன்தொட்டி ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவள் என்ற முறையிலும், அக்கட்டுரையில் இருந்த ஒரு கோணலைச் சுட்டாமல் விட மனம் வரவில்லை. மணலில் வளை தோண்டும் இறாலைக் கட்டுரை ‘மீனுக்கு வீடு கட்டித் தரும் வேலைக்காரன்’ என்கிறது. மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் இறாலை ‘எடுபிடி’ என்கிறது. கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்தியைப் படத்தின் அடியில் ‘நச்சுச் செடி’ என்றே அச்சிட்டிருக்கிறீர்கள். மூன்றும் தனித்தனிப் பிழைகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான்: மீனை எசமானாகவும் மற்றதை ஏவலாளாகவும் காண்கிற பார்வை. உண்மையில் அங்கே நடப்பது கொண்டு கொடுத்தல். அந்தக் கணக்கில் பெரும்பாலும் முதல் போடுவது அந்தச் சின்ன உயிர்தான்.

முதல் படத்தில் இருக்கும் இறாலிலிருந்தே தொடங்குகிறேன். கடைக்காரர்கள் ‘பிஸ்டல் இறால்’ என்று சொல்லும், நான் வகுப்பில் சொடுக்கு இறால் என்று சொல்லிவந்த அது, ஆள்காட்டி விரல் நீளம்கூட வளராத உயிர். அதனோடு வாழும் மீனைக் கட்டுரை ‘கோபி மீன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு நம்மிடமே பெயர் இருக்கிறது: உளுவை. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டு ஏரியிலும் வலையில் விழுந்து, தெருவோரத்தில் கூறு கட்டி விற்கப்படுகிற உளுவையின் பங்காளிகள்தாம் செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறை மணலில் இறாலோடு குடித்தனம் நடத்துகின்றன. இப்படி வாழும் உளுவை இனங்கள் நூற்றுக்கும் மேல். அவற்றுக்கு இடம் கொடுக்கும் இறால் இனங்களோ அதில் ஒரு சிறு பங்குதான். ஜெர்மானிய ஆய்வாளரான லூதர் செங்கடலில் கண்ட இந்தக் கூட்டு வாழ்வை 1958-இல் எழுதினார். அதன்பின் இலான் கார்ப்ளஸ் என்ற இஸ்ரேலிய அறிஞர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்து, மீனும் இறாலும் ஒன்றுக்கொன்று எப்படிச் செய்தி சொல்லிக்கொள்கின்றன என்பதை விளக்கினார்.

இந்த இறாலுக்குக் கண் உண்டு, பார்வை மிக மங்கல். திறந்த மணல்வெளியில் மண் தள்ளிக்கொண்டு நிற்கும் அதை எந்த மீனும் ஒரே வாயில் கவ்விவிடலாம். உளுவைக்குப் பார்வை கூர்மை, ஆனால் அந்த வெட்டவெளியில் ஒதுங்க ஒரு கல்கூட இருக்காது. அவ்வளவு நீளமான வளையைத் தானே தோண்டிக்கொள்ளவும் அதனால் ஆகாது. ஆகவே இறால் தோண்டுகிறது, உளுவை வாசலில் அமர்ந்து காவல் இருக்கிறது. வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் நீண்ட மீசைகளில் ஒன்றையாவது மீனின் உடல்மேல், பெரும்பாலும் வாலருகில், படும்படி வைத்திருக்கும். சந்தேகத்துக்குரிய எதையாவது கண்டால் மீன் வாலை மெல்லச் சிலிர்க்கும். அந்த நடுக்கம் மீசையில் தட்டியதும் இறால் பின்வாங்கிவிடும். ஆபத்து மிக நெருங்கிவிட்டால் மீன் சைகையோடு நிற்காமல் தலைகுப்புற வளைக்குள் பாயும். அப்போது இறாலுக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது. பொழுது சாய்ந்ததும் மீன் உள்ளே போய்விடும், வாசல் மணலால் அடைபடும். விடிந்த பிறகுதான் மறுபடியும் திறக்கும்.

இதில் யார் யாருக்கு வேலைக்காரன்? வளை இறாலுடையது. மணல் ஓயாமல் சரிந்துகொண்டே இருப்பதால் அது ஒருமுறை கட்டிக் குடிபுகும் வீடும் அல்ல. நாள்தோறும் தூர் வாரிக்கொண்டே இருக்கவேண்டிய வீடு. மீன் அங்கே குடியிருக்கிறது, காவல்தான் அது கொடுக்கும் வாடகை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் இந்தச் சென்னையில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன். வாடகையோடு இன்னொரு வரவும் உண்டு. வளைக்குள் மீன் இடும் எச்சத்தை இறால் தின்கிறது என்றும், வெளியே போய் இரை தேட முடியாத அதற்கு அது முக்கியமான உணவு என்றும் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கட்டுரையாசிரியருக்கு இது அருவருப்பாகத் தோன்றியிருக்கலாம், அல்லது கண்ணில் படாமல் போயிருக்கலாம். எப்படியானாலும் கணக்கில் ஒரு வரி விடுபட்டுவிட்டது.

நூலில் படித்ததை மட்டும் வைத்து நான் இவ்வளவு உறுதியாக எழுதவில்லை. என் தொட்டி மூன்றடி நீளம். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பவள மணலும், திருவொற்றியூர்க் கரையில் பொறுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்துப் போட்ட உடைந்த கிளிஞ்சல்களும் கிடக்கின்றன. இறாலை விட்ட முதல் வாரத்திலேயே அது அந்தக் கிளிஞ்சல்களில் தட்டையானவற்றை மட்டும் ஒவ்வொன்றாக இழுத்துச்சென்று வாசலுக்கு மேல் சாய்த்து வைத்தது. குழிந்தவற்றைப் பக்கச்சுவருக்கு அண்டக்கொடுத்தது. இரண்டு கொடுக்குகளையும் முன்னால் சேர்த்து, ஜேசிபி எந்திரம் வாளியைத் தூக்குவதுபோல் ஒரு வாய் மணலை ஏந்தி வெளியே வந்து, மீனின் வாலைத் தாண்டிக் கொட்டிவிட்டு, மீசையை எடுக்காமலே பின்னோக்கி உள்ளே போகும். ஒரு நாள் காலையில் காப்பி ஆறுவது தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் இருபத்திரண்டு நடை. அதுவரை மீன் அசைந்தது ஒரே முறை, என் பேரன் துண்டை உதறியபோது. அசைந்த அதே கணத்தில் இறால் மறைந்துவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுக்குழாய் ஒன்றை வைத்தும், அது தீர்ந்தபின் செம்பால் மொண்டு மொண்டு ஊற்றியும் தொட்டியைக் காக்கப் பார்த்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் உளுவை செத்து மிதந்தது. இறால் பிழைத்துக்கொண்டது. அதன்பின் நான் கண்டதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. பகலில் இறால் வாசலுக்கு வருவதே நின்றுபோயிற்று. இரவில் டார்ச் விளக்கை ஒரு துணியால் மூடிப் பார்த்தால் மீசை நுனி மட்டும் வெளியே நீண்டு, வெறும் மணலைத் துழாவிவிட்டு உள்ளே போய்விடும். இரண்டு வாசல்களில் ஒன்று சரிந்து மூடியது. கிளிஞ்சல் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து வேறொரு உளுவையை வாங்கிவந்து மாலை நேரத்தில் விட்டேன். மறுநாள் காலை எழுந்து பார்க்கும்போது இரண்டும் வாசலில் இருந்தன, மீசை வாலின்மேல் இருந்தது, மண் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுத் தொட்டியில் கண்டது ஆய்வாகிவிடாது என்பதை அறிவேன். ஆனால் மீன் இல்லாத இறால் குறைவாகவே வெளியே வருகிறது, அதன் வளை வளர்வதும் குறைகிறது என்பது இத்துறை ஆய்வாளர்களும் கண்டதே.

அந்தப் புதிய உளுவையை வாங்கப் போன இடத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கட்டுரையின் பார்வை வெறும் எழுத்தோடு நின்றுவிடுவதில்லை. கொளத்தூர் கலர் மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தாம் என்றாலும் உப்புநீர் மீன் விற்கும் கடைகளும் இருக்கின்றன. நான் போன கடையில் நான்கு உளுவைகள் அடியில் ஒரு பிடி மணல்கூட இல்லாத கண்ணாடிப் பெட்டியில், மூலையோடு மூலையாக ஒடுங்கிக் கிடந்தன. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது. “இதுங்களோட இறால் இருந்திருக்குமே தம்பி, அது எங்கே?” என்று கேட்டேன். “எறாவ யாரும்மா காசு குடுத்து வாங்கப் போறாங்க? மீனுதான் கலரு, மீனு மட்டும்தான் எங்களுக்கு வருது” என்றார் அந்தப் பையன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாங்குகிறவர்கள் கேட்பது அதைத்தான், பத்திரிகையில் படிப்பதும் அதைத்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பதுபோல், கடலில் யாரை விட்டுவிட்டு வந்தாலும் கேள்வி இல்லை என்றால் அது இறாலாகத்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் அது இளைத்ததே அல்ல. அதன் இரண்டு கொடுக்குகளில் ஒன்று உடலுக்குப் பொருந்தாத பருமனில் இருக்கும். அதை மின்னல் வேகத்தில் மூடும்போது பீறிடும் நீரின் பின்னால் ஒரு குமிழி உண்டாகிறது. ‘சொடக்’ என்று கேட்கும் சத்தம் கொடுக்கின் இரண்டு பக்கமும் மோதுவதால் எழுவதில்லை, அந்தக் குமிழி உடைவதால் எழுகிறது என்பதை 2000-ஆம் ஆண்டில்தான் அதிவேகப் படப்பிடிப்பால் கண்டுபிடித்தார்கள். குமிழி உடையும் கணத்தில் அதன் உள்ளே சில ஆயிரம் டிகிரி வெப்பமும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒளியும் தோன்றுகின்றன என்று அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு சொன்னது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியைக் கேட்க வைத்த கருவிகளை இவற்றின் கூட்டுச் சத்தம் குழப்பியது வரலாறு. என் வீட்டில் அது குழப்பியது என்னைத்தான்: தொட்டியில் இறாலை விட்ட இரண்டாம் நாள் நள்ளிரவில் கண்ணாடி விரிசல் விட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டு, பக்கெட்டும் பழைய சேலையுமாக ஓடிவந்து, ஒரு சொட்டு நீர்கூடக் கசியாத தொட்டியின் முன் வெகுநேரம் நின்றேன். இரையை மயக்கவும் எதிரியை விரட்டவும் உதவும் அந்த ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மீனின் வாலில் மீசையை வைத்தபடி நிற்கும் உயிரை ‘வேலைக்காரன்’ என்பது பொருந்தவில்லை.

துப்புரவு இறாலுக்கு வருகிறேன். சிவந்த முதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளைக் கோடும், நீண்ட வெள்ளை மீசைகளும் கொண்ட இது, பாறையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். நோயும் ஒட்டுண்ணியும் உள்ள மீன்கள்தாம் அதைத் தேடிக்கொண்டு வரும். களவாவும் அஞ்சாளையும்கூட வந்து, வாயைத் திறந்து, செவுளை விரித்து, அசையாமல் நிற்கும். நினைத்தால் ஒரே விழுங்கில் தீர்த்துவிடக்கூடிய வாய்க்குள் இறால் நடந்துபோய், பல்லிடுக்கிலும் செவுளிலும் இருப்பதைக் கிள்ளித் தின்றுவிட்டுத் திரும்பி வருகிறது. வருகிற மீன் இரையைத் தேடி வருகிறதா, சிகிச்சையைத் தேடி வருகிறதா என்பதை இறால் எப்படி அறியும்? கரீபியன் கடலில் இதன் உறவுக்கார இறால் ஒன்றை வைத்து நடந்த ஆய்வில், இறால் முதலில் மீசையைச் சாட்டைபோல் வீசி அழைக்கிறது என்றும், துப்புரவு வேண்டும் மீன் தன் நிறத்தைக் கறுக்கவைத்துச் சம்மதம் தெரிவிக்கிறது என்றும் கண்டார்கள். கறுக்காத மீனிடம் அது பெரும்பாலும் போவதில்லை. எடுபிடி கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். இது ஆள் பார்த்துத்தான் போகிறது.

என் தொட்டியில் இரண்டு துப்புரவு இறால்கள் இருக்கின்றன. கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்க்கக் கையை உள்ளே விட்டால், முதலில் ஒன்று பக்கவாட்டில் ஆடி ஆடிப் பார்க்கும். பிறகு மணிக்கட்டில் ஏறி, நகக்கண்ணின் ஓரத்தில் பிய்ந்திருக்கும் தோலைச் சிறு சிமிட்டாவால் இழுப்பதுபோல் இழுக்கும். வலிக்காது, கூசும். அளவு மீறினால் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும். கடலிலும் இப்படித்தான்: துப்புரவு செய்கிற சாக்கில் மீனின் உடம்பு வழும்பையும் சேர்த்துத் தின்கிற ஏமாற்று இவ்வகை உயிர்களிடையே உண்டு, கடிபட்ட மீன் உதறிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. நட்பு, தியாகம் என்றெல்லாம் கட்டுரை எழுதியிருந்தது. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கள்ளக்கணக்கு எழுதவும், அதைக் கண்டுபிடித்து விலகவும் இடமிருக்கிற உறவு கொடுக்கல் வாங்கல்தான், அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

இந்தத் துறையில் கதை எவ்வளவு எளிதாக உண்மையாகிவிடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கான்ராட் லிம்பா என்ற அமெரிக்கக் கடலியலாளர், பஹாமாத் தீவுகளில் இரண்டு சிறு பாறைகளிலிருந்து துப்புரவு உயிர்கள் அனைத்தையும் அகற்றிப் பார்த்தார். சில நாட்களில் மீன்கள் குறைந்தன, மிஞ்சியவற்றின் உடலில் புண்கள் தோன்றின என்று எழுதினார். அவர் 1960-இல் பிரான்சில் நீர்மூழ்கும்போது இறந்தார். அக்கட்டுரை அடுத்த ஆண்டு வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. பின்னால் மற்றவர்கள் அதே சோதனையை வேறு இடங்களில் செய்தபோது அப்படியொரு விளைவு தென்படவில்லை. ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் துப்புரவு மீன்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தபோதுதான், அவை இல்லாத பாறைகளில் மீன்களின் எண்ணிக்கையும் வகையும் குறைவது தெளிவாகத் தெரிந்தது. அது இறால் அல்ல, மீன். இருந்தாலும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாத விஷயம் இது என்பதற்காகச் சொன்னேன்.

கடல் சாமந்தி செடி அல்ல என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அது பவளப்பூச்சிக்கும் சொறி மீனுக்கும் உறவான விலங்கு. இதழ் போலத் தெரிபவை கொட்டும் அணுக்கள் நிறைந்த கைகள். ஸ்காட்லாந்தில் 1828-இல் கரையில் எடுத்து வளர்க்கப்பட்ட சிறு கடல் சாமந்தி ஒன்று எடின்பரோவில் 1887 வரை உயிரோடிருந்தது, ‘பாட்டி’ என்று பெயரே வைத்திருந்தார்கள். எந்தச் செடியை அப்படிக் கூப்பிடுவோம்? கோமாளி மீனும் சாமந்தியும் சேர்ந்து வாழ்வதைப் போர்னியோ அருகே கண்ட காலிங்வுட் 1868-இல் எழுதியபோது மீனை ஏறக்குறைய ஒட்டுண்ணி என்றே நினைத்தார். இன்று கணக்கு வேறு. மீனின் உடல் வழும்பில் ஒரு குறிப்பிட்ட சர்க்கரைப் பொருள் மிகக் குறைவாக இருப்பதால் சாமந்தியின் கொட்டும் அணுக்கள் அதற்கு எதிராகப் பாய்வதில்லை என்று கருதுகிறார்கள். பல மீன்கள் புதிய சாமந்தியிடம் உடலைச் சிறிது சிறிதாக உரசிப் பழகிக்கொள்கின்றன. பதிலுக்கு மீன், சாமந்தியின் கைகளைக் கடித்துத் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை விரட்டுகிறது. மீனின் கழிவிலுள்ள அம்மோனியா, சாமந்தியின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு உரமாகிறது. அந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி சாமந்திக்குப் போகிறது. இரவில் நீரில் ஆக்சிஜன் குறையும்போது மீன் கைகளுக்கிடையில் புரண்டு புரண்டு நீரைக் கலக்கிவிடுவதும் ஓர் உதவிதான்.

சாமந்தி தளர்ந்தால் மீன் என்னவாகும் என்பதும் தெரிந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு வெப்பத்தில் பசிபிக் கடலின் மூரியா தீவைச் சுற்றிச் சாமந்திகள் நுண்பாசியை இழந்து வெளுத்தபோது, அவற்றில் வாழ்ந்த கோமாளி மீன்களின் முட்டையிடல் வெகுவாகக் குறைந்தது; வெளுக்காத சாமந்திகளில் இருந்த மீன்களுக்கு அப்படி நேரவில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருப்பதால், வளர்ப்பவர்கள் கடலிலிருந்து பிடித்த மீனைத் தேடவேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ஆனால் தொட்டிக்கு அழகு சேர்க்க விற்கப்படும் சாமந்திகள் பெரும்பாலும் கடலிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஒரு தலைமுறைக்கு மேல் வாழக்கூடிய உயிர், ஓரிரு மாதம் ஒரு முன்னறையில் சுருங்கிச் செத்துப்போவதை நானே ஒரு முறை செய்து தொலைத்திருக்கிறேன், அதன்பின் வாங்கியதில்லை.

கட்டுரை அறவே தொடாத ஓர் உறவு இருக்கிறது. இடம் இருந்தால் அதற்கு மட்டும் தனிப்பக்கம் கொடுக்கலாம். கரீபியன் கடலோரம் பெலீஸ் நாட்டுப் பாறைகளில் வாழும் ஒரு வகை டாம்செல் மீன், பாறையில் பாசித்தோட்டம் வளர்த்துத் தின்கிறது. தோட்டத்துக்குள் எந்த மீன் நுழைந்தாலும் தன்னைவிடப் பெரியதானாலும் முட்டி விரட்டும். அந்தத் தோட்டத்துக்கு மேல் மைசிட் என்ற பொடி உயிர்கள் கூட்டமாக மிதக்கின்றன. காசிமேட்டில் சென்னாக்கூனி என்று உலர்த்தி விற்பதைப் போலத் தோன்றினாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. தோட்டத்துக்கு வெளியே வந்தால் அவை எல்லா மீனுக்கும் தீனி. டாம்செல் மீன் அவற்றைத் தின்பதில்லை, தின்ன வருபவற்றையும் விரட்டுகிறது. அவற்றின் எச்சம் பாசிக்கு எருவாகிறது. மைசிட் உள்ள தோட்டங்களில் பாசியின் தரம் கூடுதல், மீனும் கொழுப்பாக இருக்கிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. மைசிட்கள் அந்த மீனின் வாசனையைத் தேடிவருவதாகவும் கண்டார்கள். கொல்லையில் கோழிக்கு நரிப்பயம் இல்லாமல் இடம் கொடுத்து, அதன் எருவைக் கீரைப்பாத்திக்குப் போடும் வீட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? மனிதனல்லாத ஒரு முதுகெலும்பு உயிர், இன்னொரு உயிரை வீட்டு விலங்காகப் பழக்குவதன் தொடக்கம் இது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பவளமும் முதுகெலும்பில்லாததுதான் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிஜித் தீவுப் பாறைகளில் நச்சுப்பாசி ஒன்று பவளத்தின்மேல் படரும்போது, பவளம் நீரில் ஒரு வேதிப்பொருளை விடுகிறது; அதன் கிளைகளுக்கிடையில் குடியிருக்கும் சிறு உளுவைகள் சில நிமிடங்களில் வந்து பாசியைக் கத்தரித்துத் தள்ளுகின்றன. இங்கேயும் உளுவைதான். இங்கேயும் குரல் கொடுப்பது மீன் இல்லை.

உளுவை என்றதும் ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். இராயபுரம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் இந்தக் கூட்டு வாழ்வை நான் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து, “டீச்சர், எண்ணூர்ல எங்க தாத்தா உளுவ பொந்துல கைய வுடுவாரு, சில நேரம் எறாவும் சேந்து வரும்” என்றான். சேற்றில் ஒரே பொந்தில் இருப்பதெல்லாம் ஒப்பந்தம் ஆகிவிடாது, தற்செயலாகவும் ஒதுங்கியிருக்கலாம் என்று அவனிடம் சொன்னேன். ஆனால் அந்த வகுப்பில் மீனோடு இறாலையும் முதலில் எண்ணியவன் அவன்தான். கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிற கழிமுகம் அது. அடுத்த கட்டுரைக்கு அங்கே போய் நாலு பேரிடம் கேட்டால், படங்களுக்கு அடியில் எழுதத் தங்களுக்கு நல்ல தமிழ்ச் சொற்களும் கிடைக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது; சுருக்க வேண்டிய இடத்தைத் தாங்களே சுருக்கிக்கொள்ளலாம். நான் கேட்பது இவ்வளவே. ‘நச்சுச் செடி’ என்பதற்குத் திருத்தம் வெளியிடுங்கள். வேலைக்காரன், எடுபிடி என்ற சொற்களை, பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டும் பக்கம் என்பதால், விளக்கத்தோடு திரும்பப் பெறுங்கள். அதே இணைப்பில் வரும் ‘வீட்டுத் தொட்டி’ பகுதியில் ஒரு மீனின் விலையும் உணவும் குறிப்பிடும்போது, அது கடலில் யாரோடு வாழ்கிறது என்ற ஒரு வரியையும் சேருங்கள். அதைப் படித்துவிட்டு நாலு பேர் கடையில் இறாலைப் பற்றி விசாரித்தால், அந்தக் கண்ணாடிப் பெட்டியில் மணலாவது போடுவார்கள்.

என் தொட்டியில் எடுத்த நிழற்படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்தை வெட்ட நேர்ந்தால் வலப்பக்கம் வெட்டுங்கள், அங்கே வெறும் பாறைதான் இருக்கிறது. இடது ஓரத்தில், கிளிஞ்சலுக்குக் கீழே பாதி மறைந்து, ஒரு மீசையை மட்டும் மீனின் வாலுக்கு நீட்டிக்கொண்டு நிற்பது இறால்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கொளத்தூர், சென்னை.